பெஞ்சு வரிசை

எங்கள் வீடு பர்மாவில், பபேடான் என்ற பேட்டையில் இருந்தது. மாமாவின் மனமோ நாலு தெரு தள்ளிச் சீனர் தெருவில் இருந்தது. உம்மாவின் தம்பியான அவர், பகலெல்லாம் வாப்பாவின் இரும்புக் கடையில் நின்றுவிட்டு, சாயங்காலமானால் ஒரு சீனச் சண்டைக்கூடத்துக்கு ஓடிவிடுவார். அங்கே பழகிய ஒரே தமிழர் அவர்தான். கை வரிசை, கம்பு வரிசை எல்லாம் அவருக்கு வந்துவிட்டன. வராதது பெஞ்சு வரிசை ஒன்றுதான்.

சாதாரண மரப் பெஞ்சையே ஆயுதமாக்கிச் சுழற்றும் வித்தை அது. ஒரு தலைமுறையில் ஒருவருக்குத்தான் அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த ஒருவர் கூடத்துப் பெரியவரின் மகள். காலையில் தெருமுனையில் சோயாப்பால் விற்பவர். டீச்சரம்மா என்ற பொருளில், பர்மியர் போலவே நாங்களும் அவரைச் 'சயாமா' என்றுதான் கூப்பிடுவோம். தான் பார்த்தேயிராத அந்த வரிசையை மாமா வீட்டில் பழகிப் பார்த்ததில் உம்மாவின் தண்ணீர்ப்பானை உடைந்ததுதான் மிச்சம்.

எனக்கு எட்டு வயதானபோது, சீனப் புத்தாண்டன்று சயாமா அதை எல்லார் முன்னாலும் செய்யப்போவதாகச் செய்தி வந்தது. மாமா புதுச்சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார்.

"புள்ள கைய விட்ராதடா" என்றார் உம்மா.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே மாமா விட்டுவிட்டார். நானும் நழுவிக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றுகொண்டேன். பெஞ்சு சயாமாவின் தோளில் ஏறி, இடுப்பைச் சுற்றி, சத்தமே இல்லாமல் தரையில் இறங்கியது. அப்போது மாடியில் கட்டியிருந்த பட்டாசுச் சரம் ஒன்று அறுந்து கூட்டத்துக்குள் விழுந்து வெடித்தது. பின்னாலிருந்தவர்கள் முட்டித் தள்ள, நான் குப்புற விழுந்தேன். யாரோ என் விரல்களை மிதித்தார்கள்.

அடுத்த கணம் பெஞ்சின் நாலு கால்களும் என்னைச் சுற்றி ஊன்றியிருந்தன. அதன்மேல் கவிழ்ந்துகொண்டு, மோதியவர்களையெல்லாம் சயாமா தன் முதுகில் தாங்கினார். பிறகு எழுந்து பெஞ்சை ஒரே ஒரு சுற்று வீசினார். யார்மேலும் படவில்லை, ஆனால் எல்லாரும் விலகினார்கள். அந்த இடைவெளியில் மாமா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார்.

"சயாமா பாதியிலயே மறந்துட்டாங்க உம்மா" என்றுதான் வீட்டில் சொன்னேன். மாமா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆசைப்பட்டதை முழுதாகப் பார்க்கக் கிடைக்கவில்லையே என்று அழுகிறார் என நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உம்மா கோழிப் பிரியாணி சமைத்து எடுத்துக்கொண்டு, என்னோடு சயாமா வீட்டுக்குப் போனார். வலது கையைத் துணியால் கட்டியிருந்ததால் சயாமா பாத்திரத்தை இடது கையில் வாங்கினார். அது மரியாதையில்லை என்று எனக்குப் பட்டது. இருவரும் பர்மியில் பேசிக்கொண்டார்கள்.

"எம் புள்ளையால ஒங்க வரிசை பாதியில நின்னுபோச்சே, சயாமா."

"நிக்கலையே அக்கா. கீழ விழுந்த ஆளக் காப்பாத்தத்தான் அந்த வரிசையே. முழுசாத்தான் செஞ்சேன்."

உம்மா அவருடைய இடது கையைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு வெகுநேரம் விடவேயில்லை. நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துபோனதை மறைக்கப் பாவம் இப்படிப் பொய் சொல்கிறாரே என்று இரக்கப்பட்டு, பரவாயில்லை என்பதுபோல அவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.