தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு மன்னிப்பு

1. மைக்கில் சொன்ன பெயர்

கோச்சிங் லைசென்ஸ் எடுத்த கையோடு என்னிடம் யோசனை கேட்க வரும் தம்பிகள் எல்லோரும் ஃபார்மேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நாலு பேர் பின்னால் நிற்பதா, மூன்று பேர் நிற்பதா என்று பேப்பரில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஞானம் கிடையாது. முப்பது வருடம் ரங்கூன் மைதானங்களில், முதலில் கோல்கீப்பராகவும் பிறகு கோச்சாகவும், வெயிலில் காய்ந்ததில் நான் கற்றது வேறு. அதைச் சொல்கிறேன்.

எங்கள் லீக்கில் கடைசியாக வரும் டீமுக்கு ஒரே ஒரு மரியாதை உண்டு. அடுத்த சீசன் ட்ராஃப்டில் முதல் ஆளை அந்த டீம்தான் எடுக்கலாம். ஜூனியர் பயிற்சி முடித்த பையன்களை ஒரு ஓட்டல் ஹாலில் வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கிளப்பும் தன் முறை வரும்போது மைக்கில் ஒரு பெயரைச் சொல்லும். எங்கள் டீம் தொடர்ந்து இரண்டு சீசன் கடைசி. பழைய கோச்சை அனுப்பிவிட்டு என்னைக் கொண்டுவந்து அந்த ஹாலில் உட்கார வைத்திருந்தார்கள்.

கிளப்பின் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். பபேடானில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். கடையில் கணக்குப் பார்க்கும்போதும் காலுக்கடியில் ஒரு பந்து கிடக்கும். அவருக்கு அந்தப் பையன்களில் நெட்டையான ஒரு ஸ்ட்ரைக்கர் மேல் கண். கோல் போட ஆள் வேண்டும் என்றார். கோல் போட எங்களிடம் ஆள் இருந்தது. அந்த ஆளின் காலுக்குப் பந்து போய்ச் சேருவதுதான் இல்லை. நடுக்களத்தில் நின்று பந்தைப் பிரித்துக் கொடுக்கும் பிளேமேக்கர்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

நான் பார்த்து வைத்திருந்த பையன் குமரன். கியாக்தானில் வயல் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம். வயது பத்தொன்பது. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுவான். பந்து வந்த பிறகு யோசிக்கிறவர்களை மைதானம் முழுக்கப் பார்க்கலாம். வருவதற்கு முன்பே யோசிக்கிறவனை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

ஹாஜியார் என் காதருகே குனிந்தார்.

"மணி, நல்ல பையன்தான். ஆனா நம்ம தமிழ்ப் பையன். நம்ம ஆளுன்னுதான் எடுத்தாருன்னு டீமுக்குள்ளயே பேசுவாங்க."

பேசினால் பேசட்டும் என்றேன். அவர் மேசை விரிப்பை நீவிவிட்டார்.

"சரி, எடுங்க. ஆனா சீசன் பாதியில லீவு விடுவாங்கல்ல, அதுக்குள்ள கடைசி எடத்த விட்டு மேல வரணும். வரலேன்னா டீமை மூடிடறேன். இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல."

மிரட்டலாகச் சொல்லியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். களைத்துப்போய்ச் சொன்னார். மைக்கை வாங்கிக் குமரன் பெயரைச் சொன்னேன்.

2. அண்ணன் நாலு

பயிற்சியில் பையன் பிரமாதம். தன் வயதுப் பையன்களோடு ஆடவிட்டால் வாய் ஓயாது. நீ அங்கே போ, நீ இங்கே வா என்று எல்லோரையும் விரட்டுவான். சீசன் தொடங்கி சீனியர்களோடு இறக்கிவிட்டதும் வாயைப் பூட்டிக்கொண்டான். எங்கள் பழைய பிளேமேக்கரும் கேப்டனுமான கோ தெட் பந்தைக் கேட்டால் அவருக்கே கொடுப்பான். டிஃபென்ஸில் நிற்கும் கோ மியோ கேட்டால் பின்னால் திரும்பி அவருக்குக் கொடுப்பான். முன்னால் காலியாக ஓடும் ஆள் அவன் கண்ணில் பட்டது எனக்கே தெரியும். ஆனாலும் கூப்பிட்ட அண்ணனுக்குத்தான் பந்து போகும். தோற்றோம், மறுபடி தோற்றோம், ஒன்றை டிரா செய்துவிட்டு மறுபடியும் தோற்றோம்.

டீமுக்குள் ஹாஜியார் சொன்ன பேச்சு கிளம்பிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறி ஒரு நாள் பையனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்குத் தமிழ் புரியும், சரளமாகப் பேச வராது. பாதி பர்மியச் சொல்லோடு மென்று மென்று பேசினான்.

"சயா, கோ மியோ எங்க பெரியண்ணன விட மூத்தவரு. அவர எப்படி நான் வேலை வாங்கறது? ஆனாடே."

சயா என்றால் வாத்தியார். கோச்சையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாடே என்பதற்குத் தமிழில் ஒரு சொல் கிடையாது. எதிரில் இருப்பவர் மனம் நோகுமே, அவருக்குச் சிரமமாகுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிவிடுவதுதான் அது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது ரத்தத்தில் ஓடும், அவன் தமிழனோ பர்மியனோ. மூத்தவரை இங்கே வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. அண்ணன் என்ற பொருளில் பெயருக்கு முன்னால் ஒரு 'கோ' சேர்க்க வேண்டும். சேர்த்து, பணிவாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிர் டீம்காரன் பந்தோடு போயிருப்பான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. களத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லக் கூடாது, ஜெர்சி நம்பரைத்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டேன். மெச்சிக்கொள்ளும்படியான யோசனை என்று நானே நினைத்துக்கொண்டேன். அன்று மாலைப் பயிற்சியில் நாலாம் நம்பர் கோ மியோவின் முதுகுக்குப் பின்னால் ஆள் வந்தது. குமரன் வாயைத் திறந்தான். "கோ நாலு, கொஞ்சம் பின்னால பாருங்க" என்றான்.

நம்பருக்கும் அண்ணன் பட்டம் கட்டிவிட்டான். கோ மியோ சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து டீம் முழுக்க ஒருவரை ஒருவர் கோ நாலு, கோ ஒன்பது என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. லீவுக்கு முன்னால் ஒரே ஒரு ஆட்டம்தான் பாக்கி. எங்களுக்கு அடுத்த மேல்படியில் இருந்த டீமோடு அது. ஜெயித்தால் கடைசி இடத்தை விட்டு எழுந்திருப்போம். இல்லையென்றால் ஹாஜியார் சொன்னதைச் செய்துவிடுவார்.

3. போட்டாதாங் டீக்கடை

ஒரு டீமில் இரண்டு பிளேமேக்கர் இருந்தால் பந்து மூத்தவரிடம்தான் போகும். கோ தெட்டின் கால் அதற்குள் கனத்துப் போயிருந்தது. பந்து அவரிடம் போய்ச் சேரும், அங்கேயே நின்றுவிடும். அவரை பெஞ்சில் உட்கார வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவர் வீடு போட்டாதாங் படகுத்துறைப் பக்கம். அங்கேயே ஒரு டீக்கடையில் சந்தித்தேன். பத்து வருடம் அந்த டீமைத் தாங்கிய மனிதர். கடைசி இடத்தில் கிடந்தபோதும் வேறு கிளப் கூப்பிட்டுப் போகாதவர். அவரிடம் இதைச் சொல்வதற்கு நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் உதவவில்லை. நாளைக்கு ஆட்டத்தில் நீங்கள் முதலில் இறங்கவில்லை, பையன் மட்டும்தான் என்று போட்டு உடைத்தேன். மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அவர் மேசையில் இருந்த ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் தனக்கும் வெறும் தேத்தண்ணீர் ஊற்றினார். துறையிலிருந்து ஒரு ஃபெரி கிளம்பிப் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பர்மியத்தில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்னை உட்கார வச்சாலும் அவன் பேசமாட்டான், சயா. நான் இல்லேன்னா மியோ கேட்பான், மியோ இல்லேன்னா இன்னொருத்தன். அவனுக்கு ஆட்டம் தெரியும். எங்களைக் கோபிக்கத்தான் அனுமதி இல்ல. அதை நீங்க குடுக்க முடியாது. நாங்கதான் குடுக்கணும்."

எப்படி என்று கேட்டேன். டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

4. முன்கூட்டியே

மறுநாள் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லோரும் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போர்டில் பெயர்களை எழுதினேன். கோ தெட் பெயர் அதில் இல்லை. கோ மியோ என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

கோ தெட் எழுந்து கேப்டன் பட்டையைக் கழற்றி கோ மியோவின் கையில் மாட்டிவிட்டார். பிறகு சீனியர்கள் எல்லோரையும் ஒரே பெஞ்சில் வரிசையாக உட்காரச் சொல்லித் தானும் ஓரத்தில் உட்கார்ந்தார். குமரனைக் கூப்பிட்டு, கடோ செய் என்றார்.

பர்மாவில் வாழ்ந்தவர்களுக்குக் கடோ என்றால் தெரியும். திருநாளில் சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, கைகூப்பி, தலை தரையில் படக் கும்பிட்டு, உடம்பாலும் வாயாலும் மனதாலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். பெரியவர்கள் பொறுத்தோம் என்று வாழ்த்துவார்கள். அதோடு அந்தப் பிழை தீர்ந்துபோகும். நடந்துபோன பிழைக்குத்தான் அது. பையன் இன்னும் எதையும் செய்திருக்கவில்லை.

குமரன் விழித்துக்கொண்டு நின்றான். கோ தெட் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னிக்கு இவன் நம்மளைப் பார்த்துக் கத்துவான். வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். நாம கேட்டாலும் பந்து தரமாட்டான். அதுக்கெல்லாம் இப்பவே மன்னிப்பு கேட்டுக்கட்டும். இப்பவே குடுத்துடுவோம். தொண்ணூறு நிமிஷத்துக்கு."

பையன் மண்டியிட்டான். சிமெண்டுத் தரையில் நெற்றி படக் கும்பிட்டான். அவன் சொல்ல வேண்டிய வாசகம் பாதியில் தடுமாறியது. கோ தெட் எடுத்துக் கொடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எங்கள் மாற்றுக் கோல்கீப்பர் பையனும் பக்கத்தில் மண்டியிட்டுக் கொண்டான். பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராகப் பொறுத்தோம் என்றார்கள். கடைசியாகச் சொன்னவர் கோ மியோ. போர்டு பக்கம் திரும்பி நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

5. வராத பந்து

முதல் பத்து நிமிடம் ஒன்றும் மாறவில்லை. பிறகு கோ மியோ வழக்கம்போலப் பின்னால் நின்று பந்தைக் கேட்டார். "இல்ல மியோ, மேல போ" என்று ஒரு சத்தம். கோ மியோ ஒரு நொடி நின்றார். பிறகு மேலே ஓடினார். அதற்குப் பிறகு பையன் வாயை மூடவில்லை. கியாக்தானில் தம்பிகளை விரட்டுகிற மாதிரி அத்தனை அண்ணன்களையும் விரட்டினான். எங்கள் டீம் அந்த சீசனில் முதல் தடவையாக ஒரு டீம் மாதிரி நகர்ந்தது. ஆனாலும் கோல் விழவில்லை.

கடைசிக் கட்டத்தில் எங்கள் விங்கர் ஒருவனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. கோ தெட்டை இறக்கினேன். இறங்கியதும் பழக்கதோஷத்தில் நடுக்களத்துக்குப் போய்க் கையைத் தூக்கிப் பந்தைக் கேட்டார். குமரன் காலில் பந்து. ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் கேட்கிற குரலில் கத்தினான்.

"தெட், நிக்காத. வலது பக்கம் ஓடு."

கோ தெட் ஓடினார். அந்தக் கனத்த காலை இழுத்துக்கொண்டு, இருந்த மூச்சை எல்லாம் கொட்டி வலது பக்கம் ஓடினார். பழைய கேப்டனுக்குத்தான் பந்து வரப்போகிறது என்று எதிர் டீமில் இரண்டு பேர் அவர் பின்னாலேயே ஓடினார்கள். அவருக்குப் பந்து வரவே இல்லை. வராது என்று பையன் கண்ணைப் பார்த்தபோதே தெரியும் என்று பிறகு என்னிடம் சொன்னார். குமரன் அதை இடது பக்கம் தள்ளினான். அங்கே காலியாக நின்ற எங்கள் ஸ்ட்ரைக்கர் உள்ளே போட்டான். ஒன்றுக்குப் பூஜ்யம். அப்படியே முடிந்தது.

விசில் ஊதியதும் குமரனுக்குப் பழைய கூச்சம் திரும்பிவிட்டது. முகம் வெளுத்துப்போய் நேராக கோ தெட்டிடம் வந்து, அவர் புல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே மண்டியிட்டான். பேர் சொல்லிக் கத்தியதற்கு மறுபடி மன்னிப்பு. அவர் அவன் தலையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"இன்னிக்குக் கத்துனதுக்கு முன்னாடியே குடுத்தாச்சு. இது அடுத்த ஆட்டத்துக்கு."

ஹாஜியார் டீமை மூடவில்லை. கோ தெட் அந்த சீசனோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். மீதி ஆட்டங்களில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சீனியர்களை வரிசையாக உட்கார வைப்பதை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை.

தம்பிகளே, நல்ல ஆளை எடுப்பது ஒரு நாள் வேலை. மைக்கில் ஒரு பெயரைச் சொன்னால் தீர்ந்தது. அவனுக்கு இடம் விடச் சொல்லி போர்டில் எழுதலாம், உத்தரவு போடலாம், நம்பர் கொடுக்கலாம். நான் எல்லாம் செய்து பார்த்தேன். அந்த இடத்தில் ஏற்கெனவே நிற்பவர் மனது வைத்தால்தான் இடம் காலியாகும். அதனால் புது டீமுக்குப் போனால் வரப்போகிறவனைப் பார்ப்பதற்கு முன்னால், யார் நகர வேண்டியிருக்கும் என்று பாருங்கள். அவரோடு ஒரு டீ குடியுங்கள்.

அந்த சீசனில் உங்களுக்குக் கிடைத்த நல்ல ஆள் யார் என்று என்னைக் கேட்பவர்கள் குமரன் பெயரை எதிர்பார்க்கிறார்கள். பந்து வராது என்று தெரிந்தும் வலது பக்கம் ஓடிய மனிதரின் பெயரைத்தான் நான் சொல்வேன்.