முயல் கொடுத்த வாக்கு

விளையாட்டில் சொன்ன பொய்க்கு ஒரு மனிதன் எத்தனை நாள் பொறுப்பு? கலைவாணனை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது. அவரிடம் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கேள்விகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் இல்லை அவர். ஆனாலும் 2006 ஜனவரியிலிருந்து அடுத்த ஜனவரி வரை அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்தார்.

புதுச்சேரியை ஒட்டிய சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் அவருக்கு வேலை. நான் அங்கே ஸ்டோரில் இருந்தேன். காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஒன்றாக வருவோம். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நெல்லித்தோப்பில் இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு ஒரு துணிப்பையோடு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் எதற்காவது போய்விடுவார். அங்கே யாருக்காவது பிறந்தநாள் இருக்கும். பையில் அவரே தைத்த வெள்ளை முயல் ஒன்று. உள்ளே கையை விட்டால் வாயைத் திறக்கும். ஒரு சிவப்பு பிளாஸ்டிக் போன், கொஞ்சம் பலூன். அவ்வளவுதான் சாமான்.

பெரிய வித்தைக்காரர் என்று சொல்ல மாட்டேன். முயல் பேசும்போது அவர் உதடு அசைவது நன்றாகவே தெரியும். ஆனால் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் உதட்டைப் பார்ப்பதில்லை. "நேத்து பருப்பு சாதத்த யாரு துப்புனது?" என்று முயல் கேட்டால், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துக் கூரை பறக்கக் கத்துவார்கள்.

முயலுக்கு எல்லாம் தெரிந்திருந்ததற்குக் காரணம் ஒரு துண்டுத்தாள். அவர் அதிகம் போன காப்பகத்தை நடத்திய ஆதிலட்சுமி, பிறந்தநாள் பிள்ளையைப் பற்றி அதில் எழுதிக் கொடுத்துவிடுவார். வீட்டில் கூப்பிடும் பெயர், பிடித்த பண்டம், எதைக் கண்டால் பயம், அப்பா எங்கே வேலை. அப்பாவுக்கு நேராகப் 'பிரான்ஸ்' என்று இருந்தால் கலைவாணனுக்குக் கொண்டாட்டம். புதுச்சேரியில் அதில் அதிசயம் எதுவுமில்லை. வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் அப்பாக்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காக முயல் பிரான்சுக்குப் போன் போடும். கலைவாணன் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, "அல்லோ, பொன்ழூர்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, கனத்த குரலில் அப்பாவாகிவிடுவார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பிறந்தநாள் பிள்ளை எப்படியும் "எப்ப வருவ?" என்று கேட்கும். "அடுத்த பொறந்தநாளுக்குக் கேக் வெட்ட வந்துடுவேன்" என்பார். அப்பா என்றைக்காவது வரத்தானே போகிறார்? அது பொய் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

மெரினுக்கு நான்கு வயது முடிந்த அன்றும் தாளில் 'பிரான்ஸ்' என்றுதான் இருந்தது. முயல் போனை நீட்டியதும் அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பப்பா?"

"பொன்ழூர், மெரின் குட்டி!"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு, "பப்பா, ஒனக்குச் சளியா? கொரலு வேற மாதிரி இருக்கு" என்றாள்.

காப்பகத்து ஆயாக்கள் சிரித்துவிட்டார்கள். கலைவாணனுக்கு உற்சாகம் ஏறியது. "ஆமாண்டா செல்லம், இங்க ஒரே குளிரு. மூக்கு ஐஸாயிடுச்சு."

"ஏன் இத்தன நாளா போனே பண்ணல?"

அப்போதுதான் அவர் கதவோரம் நின்ற மெரினின் தாயைப் பார்த்தார். லூர்துசெல்வி, வேண்டாம் என்று தலையை அசைத்தார். கலைவாணனே இதைப் பின்னால் என்னிடம் சொன்னார். "பாத்தண்ணே. ஏதோ தப்புன்னு புரியவும் புரிஞ்சிது. ஆனா கொரலு நல்லா வந்துகிட்டிருந்துச்சு. புள்ளைங்க மூச்சே விடாம கேக்குதுங்க. நிறுத்த மனசு வரல." அதனால் வழக்கமான வாக்கையும் கொடுத்துவிட்டார். இருபது பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

வாசலில் ஆதிலட்சுமி அவரைப் பிடித்து நிறுத்தினார். "அந்தத் தாளு ஜூன்ல சேர்த்தப்ப எழுதுனது, கலை. அக்டோபர்ல அவ அப்பா தவறிட்டாரு. நெஞ்சுவலி. அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க. புள்ளைக்கு இன்னும் சொல்லல. நான் தாள மாத்தியிருக்கணும், மறந்துட்டேன்."

கலைவாணன் போய் லூர்துசெல்வியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் திட்டவில்லை. "மூணு மாசமா போனு பக்கத்துலயே ஒக்காந்திருந்தா அண்ணே. இன்னிக்குத்தான் ஒழுங்கா சாப்ட்டா. நீங்க பேசுனது நல்லதாப் போச்சு" என்றார். திட்டு வாங்கியிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதன் பிறகு காப்பகத்தில் வேறு எந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றாலும் மெரின் முயலிடம் ஓடி வருவாள். கலைவாணன் முகத்தைப் பார்க்க மாட்டாள். முயலின் காதில்தான் பேசுவாள். "பப்பாட்ட சொல்லு, நானே பட்டன் போட்டுக்கிறேன்னு." "பப்பாட்ட சொல்லு, இருபது வரைக்கும் எண்ணுவேன்னு." முயல் தலையாட்டும். தலையாட்டுவது பொய் சொன்னதாகாது என்று முதலில் தன்னைத் தேற்றிப் பார்த்தார். அந்தச் சமாதானம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. போன் விளையாட்டையே நிறுத்தினார். உண்மையிலேயே பிரான்சில் அப்பா இருந்த ஒரு பையன், தனக்கு மட்டும் போன் இல்லையா என்று அழுதான். அவனுக்கு இரண்டு பலூன் கூடக் கொடுத்துச் சமாளித்தார்.

அவர் மனைவி நிர்மலா சும்மா விடுகிற ஆள் இல்லை. "க்ரெச்சுல மொயலு வாய மூட மாட்டேங்குது, வூட்ல ஒனக்கு வாயே இல்ல. என்னாய்யா ஆச்சு?" என்று பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும், "போயி மன்னிப்புக் கேட்டுட்டு வா" என்றார்.

"கேட்டாச்சு. அது தேங்க்ஸ் சொல்லுது. அதுக்கு மேல எங்க போறது?"



அடுத்த ஜனவரி வந்தது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது லூர்துசெல்வி நிறுத்தத்தில் காத்திருந்தார். "நாளைக்கும் ஒரு போன் போட்டுடுங்கண்ணே. லீவு கெடைக்கலன்னு மட்டும் சொல்லுங்க. ஜூன்ல பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவா. அப்ப நானே சொல்லிக்கிறேன்."

"சரிம்மா" என்றார் கலைவாணன். அந்தச் சரி என் காதில் தெளிவாகவே விழுந்தது.

மறுநாள் நடந்ததை ஆதிலட்சுமி சொல்லித்தான் அறிவேன். நீலக் கவுன் போட்டு வந்த மெரின், தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை. "எந்திரி, எந்திரி, எங்க பப்பாவுக்கு" என்று ஒரு பெண்ணைக் கிள்ளியே எழுப்பிவிட்டாள். கேக்கை வெட்டவும் மறுத்தாள். லூர்துசெல்வி கலைவாணனைப் பார்த்தார். அவர் போனை எடுத்தார். அப்புறம் அதைக் கீழே வைத்தார். கையிலிருந்த முயலைக் கழற்றினார். தரையில் சம்மணமிட்டு மெரினுக்கு எதிரே உட்கார்ந்து, சொந்தக் குரலில் சொன்னார்:

"போன வருசம் போன்ல பேசுனது ஒங்க பப்பா இல்ல மெரின். நான்தான். நான் சொன்னது பொய்யி."

"மொயலு?"

"மொயலும் நான்தான்."

அவள் யோசித்தாள். "அப்ப பப்பா எங்க?"

அவர் நிமிர்ந்து தாயைப் பார்த்தார். லூர்துசெல்வி கையிலிருந்த கேக் கத்தியை மேசையில் வைத்தார். பிறகு வந்து, தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்துக் காதில் பேசினார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. பாதியிலேயே மெரின் அம்மாவின் வாயைத் தன் இரு கைகளாலும் பொத்தினாள்.

இதைத் துணிவு என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. தன் பாரத்தை இறக்கி ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தார் என்றும் சொல்லலாம். எப்போது சொல்வது என்று முடிவு செய்ய வேண்டியவர் தாய். அவரை அன்றே, இருபது பிள்ளைகள் நடுவில் சொல்ல வைத்துவிட்டார். மறுபக்கம், அந்த நாற்காலி இன்னும் எத்தனை வருடம் காலியாக இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியாது.

கலைவாணன் வாசலில் செருப்பை மாட்டும்போது லூர்துசெல்வி பின்னாலேயே வந்து கேட்டாராம், "நேத்து சரின்னீங்களேண்ணே?" என்று. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் ஆதிலட்சுமியும் அதையே கேட்டார். நிர்மலா கேட்டார். பஸ்ஸில் நானும் ஒருமுறை கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.