தாடைத் துளையில் ஒரு வேண்டுதல்

ஏஸ்தெலிட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, வாயில் இருந்த நல்ல பற்களையும் சேர்த்துப் பிடுங்கிப் போட்டார்கள். பளபளவென்று பல்செட் மாட்டிக்கொண்டு கோயில் பீடத்தின் முன் நின்றால்தான் பெண்ணுக்கு மதிப்பு என்பது பிலிப்பைன்ஸில் படாங்காஸ் பக்கத்து அந்தக் காலத்துப் புத்தி. புத்தியா அது! பல் போனால் தாடை எலும்பும் கூடவே தேயும் என்று அவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

நாற்பது வருஷம் சந்தையில் கருவாடு விற்றாள். கணவன் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் ரோடெல் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். அவன் முதன்முதலில் கப்பலேறிய மாதம்தான் அந்த வலி வந்தது. கீழ்ப் பல்செட்டை மாட்டி ஒரு வாய் சோறு மென்றால் போதும், இடப்பக்கத் தாடையில் கரண்ட் அடித்ததுபோல் வெட்டும்.

வேறு யாராக இருந்தாலும் செட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். புனித வெள்ளியன்று முதுகில் சவுக்கால் அடித்துக்கொண்டு வேண்டுதலை நிறைவேற்றும் ஊரில் பிறந்தவள் ஏஸ்தெலிட்டா. இந்த வலியே என் வேண்டுதல், என் பிள்ளையைக் கடல் தொடாமல் இருக்கட்டும் என்று மாதாவிடம் முழந்தாளிட்டுச் சொல்லிவிட்டாள். ரோடெல் ஒவ்வொரு தடவையும் முழுசாகத் திரும்பி வந்தான். பிறகு அவளை யார் அசைக்க முடியும்?

இந்த வருஷம் உதடு மரத்துப்போய், கஞ்சி வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடை பெனீட்டாதான் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"அடியே, வாய் ஒழுகுது, தெரியலையா? உன் கருவாட்ட இனிமே எவ வாங்குவா?" என்று கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் மைலின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"உதட்டுக்குப் போற நரம்பும் ரத்தக்குழாயும் இந்த ஓட்ட வழியாத்தான் எலும்ப விட்டு வெளிய வருதும்மா. மத்தவங்களுக்கு இது தாடையோட பக்கவாட்டுல இருக்கும். உங்களுக்கு எலும்பு தேஞ்சு, ஓட்ட மேல் விளிம்புக்கே வந்திருச்சு. நீங்க மெல்லும்போதெல்லாம் செட்டு நரம்பையே மிதிக்குது."

"மிதிச்சா மிதிக்கட்டும் டாக்டரம்மா. அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு."

"மாதா வந்து உங்க நரம்பக் கேட்டாங்களாக்கும்! நல்ல ஆளு போங்க," என்று சிரித்துக்கொண்டே மைலின் செட்டின் உள்பக்கம் அந்த இடத்தை மட்டும் குழிவாகத் தேய்த்துவிட்டாள். "இனிமே உறுத்தாது. இப்படியே விட்டிருந்தா நரம்பு செத்தே போயிருக்கும்."

வீட்டுக்கு வந்து வறுத்த மீனோடு சோறு மென்றாள். வலி இல்லை. இன்னொரு வாய். அப்போதும் இல்லை. எத்தனையோ வருஷம் கழித்துச் சோறு ருசித்தது. அடுத்த வாய்க்கு எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்; வலி போனால் வேண்டுதலும் போச்சே.

அப்போதுதான் ரோடெல் கப்பலிலிருந்து போன் செய்தான். அம்மாவை அவன் 'நானாய்' என்றுதான் கூப்பிடுவான்.

"நானாய், இங்க அலை கொஞ்சம் பெருசா இருக்கு. போன் கிடைக்கலன்னா பயப்படாத. சாப்டியாம்மா?"

"சாப்பிட்டேன்டா. நல்லாவே சாப்பிட்டேன்." பெற்ற பிள்ளையைத் தானே கடலில் தள்ளிவிட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

பேச்சு பாதியில் அறுந்தது. பல்செட்டைக் கழற்றினாள். அரிசிப் பானையிலிருந்து ஓர் அரிசியை எடுத்து டாக்டர் தேய்த்த குழியில் வைத்து, திரும்ப மாட்டிக் கடித்தாள். ஒன்றும் இல்லை. இன்னும் நாலைந்து அரிசியை அடைத்து இறுகக் கடித்தாள். தாடையைப் பிளந்துகொண்டு அந்த வெட்டு வந்தது.

கண்ணீரோடு சிலுவை போட்டுக்கொண்டு, மீதிச் சோற்றைத் தன் பக்கம் இழுத்தாள்.