உருண்டை மருந்துக்குள் கோதுமை

என் மகள் செல்லம்மைக்குக் கோதுமை ஆகாது, தின்றால் வயிற்றுப்போக்கு வரும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ரேஷன் கோதுமையை நான் வீட்டுக்குள் ஏற்றுவதில்லை. சத்துக்கு அவர் தந்த பொடி மருந்தை அவள் கசக்கிறது என்று துப்பினாள். நான்தான் கம்பவுண்டரிடம் சொல்லி உருண்டையாகப் பிடித்து வாங்கினேன். நாலாம் நாளே வயிற்றுப்போக்கு வந்துவிட்டது.

"ஏட்டி, பக்கத்து வீட்டுல கோதும தோச தின்னியா?" என்று அடித்தேன்.

"நான் ஒண்ணும் தின்னல்லம்மா" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

மறுபடி மருந்து வாங்கப் போனபோதுதான், கம்பவுண்டர் பொடியோடு கோதுமை மாவைப் பிசைவதைப் பார்த்தேன்.

"மாவு சேத்தாத்தான் உருண்டை நிக்கும்" என்றார். அவளுக்குக் கோதுமை ஆகாது என்று நான் முதலிலேயே அவரிடம் சொல்லவும் இல்லை, என்ன சேர்க்கிறார் என்று கேட்கவும் இல்லை.

இப்போது எந்த மருந்தானாலும் என்ன சேர்த்திருக்கிறது என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். பொடியைத் தேனில் குழைத்து நீட்டினால், வாயில் வாங்குமுன் அவள் சொல்கிறாள்: "நான் ஒண்ணும் தின்னல்லம்மா."