விலை குறைந்த மாத்திரை

அண்ணனின் வலிப்பு மாத்திரைக்கு அரசாங்கம் விலையைக் குறைத்தபோது இந்தப் பக்கத்தில் சந்தோஷமாக எழுதியிருந்தேன். நீங்களும் வாழ்த்தினீர்கள்.

இன்று சாயங்காலம் வழக்கமான மருந்துக் கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் படிக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"இது வர்றதில்ல கண்ணு. மூணு கடைக்கு நானே போன் போட்டுப் பாத்துட்டேன்."

"ஏனுங்க, கம்பெனி நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்திட்டோம்னு எவன் சொல்லுவான்? சப்ளை இல்லைங்கறான். அந்த வெலைக்கு அவனுக்குக் கட்டாது."

இந்தப் பேச்சு எனக்குப் பழக்கம். எங்கள் பனியன் கம்பெனியில் விலை கட்டாத ஆர்டரை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. மெஷின் எல்லாம் ஃபுல் என்று மெயில் போகும். அதை அனுப்புவது நான்தான்.

"வேற கம்பெனி மாத்திரை தரட்டுமா?"

"தன்னக் கேக்காம மாத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

டாக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமைதான் வருவார். வீட்டில் இருக்கும் மாத்திரை நாளை இரவு வரைக்கும்தான்.

அண்ணன் பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க ஓடும் கத்திக்கு முன்னால் நிற்பவன். வீட்டுக்கு வந்ததும், டாக்டர் வரும்வரை லீவு போடச் சொன்னேன்.

"ஷிப்மெண்ட் நேரத்துல லீவா? நாலு வருசமா ஒண்ணும் வல்லியே, போ புள்ள" என்று சிரித்தான்.

வராததற்குக் காரணமே அந்த மாத்திரைதான்.

அதன் பெயர் பழைய பதிவில் இருக்கிறது. அவிநாசியிலோ வீரபாண்டியிலோ எந்தக் கடையிலாவது பார்த்தால் உடனே எழுதுங்கள். என்ன விலையானாலும் வாங்கிக்கொள்கிறேன்; விலையை மட்டும் விசாரிக்க வேண்டாம்.