பட்டியலில் இல்லாத இயந்திரம்

எழுபத்தெட்டாவது இடம் பல் குத்தும் குச்சிக்கு என்று தொலைக்காட்சிக்காரன் சிரித்துக்கொண்டே அறிவித்ததும், கண்டக்டருக்கு வந்ததே கோபம், இடது கையைத் தூக்கிவிட்டார். தூக்கக் கூடாத கை அது. அதில் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தில் சுத்தமாகி, மற்றதன் வழியே உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கை மடங்கியதும் குழாய் நெரிந்தது. இயந்திரம் வீல் வீலென்று அலறியது.

நர்ஸ் ஓடி வந்தாள். "கையை நீட்டுங்க. எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?"

"பல் குத்துற குச்சியாம்மா! உலகம் உண்டான நாள்லேருந்து மனுஷன் கண்டுபிடிச்சதுல பெரிய நூறு எதுன்னு பட்டியல் போடுறான். அதுல பல்குச்சி! இந்த மெஷினை எங்க வெச்சிருக்கான்னு கேளுங்க."

"நான் எங்க போய்க் கேக்கறது? கையை நீட்டுங்க முதல்ல."

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் அறை அது. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், அதே ஆட்கள் அதே கட்டில்களில் படுத்திருப்பார்கள். பார்ப்பதற்குச் சுவரில் ஒரு தொலைக்காட்சி, பேசுவதற்குப் பக்கத்துக் கட்டில். ஒருமுறை எந்தச் சேனல் என்பதில் அடிதடி வராத குறையாகப் போனதால், ரிமோட்டை நர்ஸ் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டாள். சனிக்கிழமை மதியம் அந்த நூறு கண்டுபிடிப்புகள் நிகழ்ச்சி வரும். வாரத்துக்குப் பத்தாகக் கீழிருந்து மேலே ஏறும். ஒரு பொருளைக் காட்டுவான், நான்கு பேர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆகா ஓகோ என்பார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விடுவான். நோய் நொடி எதுவும் இல்லாதவர்கள் போட்ட பட்டியல் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கோபத்துக்குச் சம்பளம் உண்டென்றால் கண்டக்டர் இந்நேரம் பஸ் கம்பெனியையே விலைக்கு வாங்கியிருப்பார். பாதி வாழ்க்கை ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனது. படியில் தொங்கியவர்களோடும், ஜன்னலோரம் யாருக்கு என்று முட்டிக்கொண்டவர்களோடும் சளைக்காமல் மல்லுக்கட்டினார். கால் வீங்கி, மூச்சு முட்டி, ஒருநாள் பஸ்ஸிலேயே சரிந்து விழுந்தபோதுதான் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது தெரிந்தது. அதன் பிறகு கம்பெனி அவரைப் பணிமனையில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்கள் அறையில் உட்கார வைத்தது. குடைகளும் சோற்று டப்பாக்களும் ஒற்றைச் செருப்புகளும் நிறைந்த அந்த அறையில் சண்டை போட ஆள் கிடைக்காமல் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது இந்தக் கட்டில்தான்.

வலது பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவுடையது. ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் கத்தரிக்கோல் வைத்திருப்பவள். எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர். யார் என்ன சொன்னாலும் "அதெப்படி?" என்று தொடங்குவதால் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். இந்த மூவரும் சேர்ந்தால் நான்கு மணி நேரம் போவதே தெரியாது.

பட்டியலில் ஃபிரிட்ஜ் வந்த அன்று மட்டும் மூவரும் ஒரே கட்சி. அவர்கள் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. குடித்தது வெளியே போகாமல் உடம்பிலேயே தேங்கிவிடும். அதனால் தொண்டை வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுச் சப்புவார்கள். அது கரைந்து முடியும்வரை உலகத்தில் அதைவிடச் சுகம் கிடையாது. அந்த ஃபிரிட்ஜுக்கு நாற்பத்தைந்தாவது இடமா என்று மூன்று கட்டிலும் ஒன்றாகச் சேர்ந்து தொலைக்காட்சியைத் திட்டின. தையல் மெஷினுக்கு மேலே ஜிப்பை வைத்தபோது தையல்காரம்மா ஆடித் தீர்த்தாள். "ஜிப்பை எதால தைப்பானாம்? பல்லால கடிச்சா?" என்றாள். எதிர்க்கட்சி, "அதெப்படி? ஜிப் இல்லாட்டி ஆம்பளைங்க கதி என்ன?" என்று வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கண்டக்டர் மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒன்றுக்காகவே காத்திருந்தார். "பாத்துக்கிட்டே இருங்க. முதல் பத்துல நம்ம மெஷின் வரும். வந்தே தீரணும். செத்தவனை எழுப்பி, ஐஸ் சப்பவெச்சு, சண்டை போடவெச்சு வீட்டுக்கு அனுப்புது. இதைவிட என்ன பெருசு வேணும்?"

கேட்பவர்களுக்கு இது வழக்கமான கண்டக்டர் பேச்சு. உள்ளே வேறொன்று இருந்தது. அதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவருக்கு ஒரு தங்கை. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பள்ளிக்கூட வயது. அண்ணன் வேலை பார்த்த பஸ்ஸிலேயே, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனாள். அங்கிருந்தே ஸ்டியரிங்கைப் பார்த்துப் பார்த்து ஆசை பிடித்து, இன்று பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். இரண்டு பிள்ளைகள். கோபத்தில் அண்ணனுக்குக் கொஞ்சமும் குறைந்தவள் இல்லை. அவள் ஒருவரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை எல்லாம் செய்துகொண்டு, தன் சிறுநீரகம் அண்ணனுக்குப் பொருந்தும் என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அவள் கணவனுக்கும் சம்மதம். கண்டக்டரின் மனைவி அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர், "என் வீட்டை விட்டு வெளியே போ" என்றார்.

டாக்டர் ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். ஊசி குத்திக் குத்திக் கையில் நரம்பு நைந்துபோய்விட்டது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. அறுவைக்கு ஒரு தேதி இருக்கிறது. இந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைக்குள் சரி என்று சொல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும். கண்டக்டர் சரி என்று சொல்வதாக இல்லை. கூடப் பிறந்தவளுக்குக் கொடுத்துத்தான் அவருக்குப் பழக்கம். அவளைக் கத்தியின் கீழே படுக்கவைத்து, அவளிடமிருந்து ஒன்றை அறுத்து வாங்கிக்கொள்வது என்று நினைத்தாலே உடம்பெல்லாம் எரிந்தது. இயந்திரம் இருக்கிறது, அது போதும். உலகத்திலேயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான் என்று தொலைக்காட்சியும் சொல்லிவிட்டால் யாரும் அவரை எதுவும் கேட்க முடியாது. இப்படி ஒரு கிறுக்குத்தனமான நம்பிக்கை அவருக்கு.

கடைசிக்கு முந்தின வாரம், பதினான்காவது இடம் உறுப்பு மாற்று அறுவைக்கு என்றான். திரையில் அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரிச் சட்டையோடு கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"மாத்தும்மா சேனலை!" என்று கண்டக்டர் கத்தினார். இயந்திரமும் கத்தியது.

"ஏன் மாத்தணும்? இருக்கட்டும்" என்றாள் தையல்காரம்மா. "பதினாலு ரொம்பக் கீழே. என்னைக் கேட்டா அதுதான் முதல் இடம்."

"ஒருத்தர் உடம்பை வெட்டி இன்னொருத்தர் வாழறது ஒரு கண்டுபிடிப்பா? மெஷின் இருக்கும்போது எவனுக்கு எதுக்கு அது?"

தையல்காரம்மா தலையைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள். "உங்க சம்சாரம் வெளியில பெஞ்சுல உக்காந்து எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிட்டாங்க. வாரா வாரம் மெஷினு மெஷினுன்னு ஏன் குதிக்கிறீங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது. எனக்கு யாரு இருக்கா? பையன் குடுக்கறேன்னான், பொருந்தலை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. நான் வரிசையில பேரைக் குடுத்துட்டு, போன் அடிக்கிறப்பல்லாம் ஓடி ஓடிப் பாக்கறேன். உங்களுக்கு வீடு தேடி வந்து குடுக்கறேங்கறா ஒருத்தி. அவளைத் துரத்தி விட்டுட்டு வந்து, எங்கிட்ட மெஷின் பெருமை பேசறீங்க."

"அது எங்க வீட்டு விஷயம்."

"அப்ப உங்க வீட்டோட பேசிக்குங்க. நர்ஸம்மா, இந்தத் திரையை இழுத்து விடுங்க. இந்த மனுஷன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்னால நாலு மணி நேரம் படுத்திருக்க முடியாது."

இரண்டு கட்டிலுக்கும் நடுவே பச்சைத் திரை விழுந்தது. அடுத்து வந்த நாட்களிலும் அது விலகவில்லை. கண்டக்டர் இருமிப் பார்த்தார், ஐஸ் கட்டி வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. அவருக்கு அவள் மேல் கோபம், மனைவி மேல் கோபம், தொலைக்காட்சி மேல் கோபம். இத்தனை கோபத்தையும் காட்டுவதற்கு எதிர்க்கட்சி ஒருவர்தான் மிச்சம். அவரும் அந்த வாரம் சளியில் தொண்டை கட்டிப் படுத்துவிட்டார்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மனைவிக்கு வேலை இருந்ததால், அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப்போகத் தங்கை வேனை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கதவருகே நிற்பதை அவர் பார்த்தார். பார்க்காததுபோல் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தடுப்பூசி வந்தது, அச்சு வந்தது, மின்சாரம் வந்தது. முதல் இடத்துக்கு முன்னால் முரசெல்லாம் கொட்டினான். முதல் இடம் சக்கரத்துக்கு.

"அதெப்படி?" என்று எதிர்க்கட்சி கட்டின தொண்டையோடு கேட்டார். "சரி, சக்கரம்னா கண்டக்டருக்குச் சந்தோஷம்தானே? ஆயுசு பூரா அது மேலதானே நின்னீங்க?"

"சக்கரமாம் சக்கரம்! மாட்டைக் கட்டி இழுக்கறதுக்கு ஒரு கட்டை! எங்கய்யா என் மெஷின்? நூறுல ஒண்ணாக்கூட இல்லையா? பல்குச்சிக்கு இடம் இருக்கு, ஜிப்புக்கு இருக்கு, உயிரைக் காப்பாத்தறதுக்கு இல்லையா? எவன் போட்டான் இந்தப் பட்டியலை? அவனைக் கொண்டுவந்து இந்தக் கட்டில்ல ஒரு நாள் படுக்கப் போடு!"

குழாய் நெரிந்தது. இயந்திரம் அலறியது. நர்ஸ் வருவதற்கு முன்பே தங்கை வந்து அவருடைய இடது கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினாள். இன்னொரு கையால் அவர் வலது கையையும் பிடித்துக்கொண்டாள்.

"போதும் நிறுத்து" என்றாள். "ஊர் பேர் தெரியாத ஒருத்தன் உன் மெஷினைப் பட்டியல்ல சேக்கலைன்னு இந்தக் கத்துக் கத்தறியே. நீ என்னை எந்தப் பட்டியல்ல வெச்சிருக்க?"

"கையை விடுடி. ஆஸ்பத்திரியில வந்து சத்தம் போடாதே."

"நானா சத்தம் போடறேன்? சாயங்காலம் ஆனா டாக்டர் போயிடுவார். தேதியும் போயிடும். பதில் சொல்லு."

"முடியாதுன்னு சொல்லிட்டேனே. ரெண்டு பிள்ளை வெச்சிருக்க. அந்த டேபிள்ல உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அதுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"இங்க உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யார் முகத்துல முழிக்கிறது? அதை யோசிச்சியா? டாக்டர் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார், என்ன ஆகலாம், என்ன ஆகாதுன்னு. நான் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எனக்குள்ள இருக்கறது ரெண்டும் என்னோடது அண்ணே. அதுல ஒண்ணை யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ண நீ யாரு? சின்ன வயசுலேருந்து நீயே குடுத்த, நான் வாங்கிக்கிட்டேன். ஒரு நாளாவது வேண்டாம்னு உன் கையைத் தட்டி விட்டேனா? எனக்கு மட்டும் ஏன் இந்த அவமானம்?"

அவமானம் என்ற சொல்லைக் கேட்டதும் கண்டக்டர் திறந்த வாயை மூடிவிட்டார். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். வீட்டை விட்டு வெளியே போ என்று சொன்ன அன்று, படியில் அவள் ஒரு நிமிடம் அப்படியே நின்றது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நர்ஸ் இயந்திரத்தின் அலறலை நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றாள். தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடியது.

"வலிக்கும்டி" என்றார் கண்டக்டர். அதையும் ஒரு அதட்டலாகத்தான் சொன்னார்.

"வலிக்கட்டும்."

"வேன் ஓட்ட முடியாது கொஞ்ச நாளைக்கு."

"தெரியும். ஆள் பேசி வெச்சாச்சு."

"என்னைக் கேக்காமலேயா?"

"உன்னைக் கேட்டா எது நடந்திருக்கு?"

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. "நர்ஸம்மா, அந்த டாக்டரை இங்கயே வரச் சொல்லுங்க. இந்த ஆளை எழுந்து நடக்க விட்டா, அறைக்குப் போறதுக்குள்ள மனசு மாறிடுவார்."

"நீ சும்மா இரு!" என்று கண்டக்டர் திரையைப் பார்த்துச் சீறினார். சீறும்போதே குரல் உடைந்துவிட்டது. சிறுநீரகம் போய்விட்டது என்று சொன்ன அன்றுகூட அழாத மனுஷன். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. ஒன்றில் ஊசி, இன்னொன்று தங்கையின் பிடியில்.

நர்ஸ் டாக்டரைக் கூப்பிடப் போனாள். தங்கை ஊசிக் கையை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு, தன் சட்டைக் கையால் அவர் முகத்தைத் துடைத்தாள்.

"விடுடி, நானே துடைச்சுக்கிறேன்."

அவள் விடவில்லை.