படபடக்காத நெஞ்சு

சர்க்கரை குறைந்தால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடமாக அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். உடனே பையிலிருக்கும் கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்.

போன பங்குனியில், இதயத் துடிப்பு சீராக இல்லை என்று டாக்டர் புது மாத்திரை எழுதினார். பீட்டா பிளாக்கராம். சீட்டு கைக்கு வந்ததும், எப்போதும் போல என் கணவர், "நீ போய் மாத்திரை வாங்கிக்கினு இரும்மா" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டு மிச்சத்தை அவரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லமா. அசதியா இருக்கும், கை சில்லுனு ஆவும். அவ்ளோதான்."

இரண்டும் வந்தன. அதனால் அவர் சொன்னதை முழுசாக நம்பித் தொலைத்தேன்.

வைகாசியில் கருட சேவை. பெருமாளைச் சேவிக்கும்வரை எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, விடிவதற்குள் தெருமுனையில் போய் நின்றேன். பெருமாள் வரத் தாமதமானது. வியர்வை கொட்டியது. அந்தக் கூட்டத்தில் யாருக்குத்தான் கொட்டவில்லை? நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். படபடப்பே இல்லை. மிட்டாயைத் தொடவில்லை. தூரத்தில் குடை தெரிந்தது ஞாபகம் இருக்கிறது. கருடனைப் பார்த்த ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்த மாத்திரை படபடப்பை மறைச்சிடும், வியர்த்தா உடனே சுகர் பாக்கணும், பட்டினியே கூடாதுன்னு அன்னிக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனேம்மா" என்றார் டாக்டர்.

நான் பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவர் கட்டில் காலைப் பார்த்தார்.

"சொன்னா நீ பயந்துக்கினு மாத்திரைய நிறுத்திடுவ. அதான்."

"நான் பட்டினியா கெளம்பும்போது பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தீங்க?"

"ஒரு நாள்தானேன்னு வுட்டுட்டேன்."

நெஞ்சு என்னுடையது, மாத்திரை எனக்கு; அது என்ன செய்யும் என்பது மட்டும் இவருக்கா? என் நெஞ்சின் வாயை அந்த மாத்திரை அடைத்தது, அதற்கு ஒன்றும் தெரியாது. இவருக்குத் தெரியும்.

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்பதையும் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த மாதம் டாக்டர் எழுதி முடித்ததும் சீட்டை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க போய் மாத்திரை வாங்கிக்கினு இருங்க."

அவர் எழுந்து போகும்வரை காத்திருந்து, நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.